காப்பிப்பொடி கேட்க வந்த பெண்

லாரி வரவில்லை. இதோ முனை திரும்பிவிட்டது, அதோ பேக்கரி வாசலில் ரிவர்ஸ் எடுக்கிறான் என்று ஆளாளுக்குச் சொன்னார்களே தவிர, லாரியும் வரவில்லை, லாரியின் நிழலும் வரவில்லை. மங்கையர்க்கரசியின் குடங்கள் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தன. அவள் டிரான்ஸ்பார்மர் ஓரத்துச் சிமெண்டுத் திட்டில், புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் போன். போனில் குரூப். குரூப்பில் சண்டை. என்ன பெரிய சண்டை? நாடகத்தில் தபால்காரராக வந்தவருக்கு இருந்தது சொந்த மீசையா, ஒட்டு மீசையா என்று. அட, மனுஷன் போய்ச் சேர்ந்தே எத்தனை காலம் ஆச்சோ, மீசை எதுவாக இருந்தால் என்ன? அவள் கேட்டது என்ன, இவர்கள் பேசுவது என்ன. காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் கேட்டாள். "வணக்கம். பன்னீர்ப்பூ காம்பவுண்டு நாடகத்தில், மழை பெய்யும் வாரம், காப்பிப்பொடி கேட்டு வரும் பெண்ணை யாருக்காவது நினைவிருக்கிறதா? யாரிடமாவது அந்தக் காட்சி இருக்கிறதா?" முதல் பதில் ஒரு ரோஜாப்பூ, மேலே பனித்துளி, கீழே இனிய காலை வணக்கம். இரண்டாவது பதில் விருகம்பாக்கம் ஹேமலதா மேடம். "ஆஹா, மழை வாரம்! சந்திரமதி அம்மா அன்று கட்டியிருந்த சுங்குடிப் புடவை, மறக்க முடியுமா?" அதற்கு வரிசையாக இதயம். சிவப்பு இதயம், மஞ்சள் இதயம், துடிக்கிற இதயம். சந்திரமதி கதாநாயகி, சரி. அவள் புடவையும் நன்றாகத்தான் இருந்திருக்கும், யார் இல்லை என்றது? கதவைத் திறந்தவளைப் பற்றி ஊரே பேசுகிறது. கதவைத் தட்டினவளைப் பற்றி ஒரு ஜீவன் பேசவில்லை. அப்புறம் ஒருத்தர் வந்தார், பெயர்கூட இல்லை, வெறும் நம்பர். "காப்பிப்பொடி இல்லை, சர்க்கரை. பெண் இல்லை, பையன்." எவ்வளவு நிச்சயம் பார். போடா பையன் என்று அடித்துவிட்டு, அழித்துவிட்டு, "தகவலுக்கு நன்றி" என்று அனுப்பினாள்.

என் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. சொல்லக் கூடாது. அதுதான் 'அந்நாள் திரை அன்பர்கள்' குரூப்பின் சட்டம். அட்மின் தியாகு சார் கல்லூரியில் இருந்து ரிட்டயர் ஆனவர், இன்னமும் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குணம் போகவில்லை. தினமும் விடிகாலையில் ஒரு டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டு எடுப்பார். வருகிற பெயர் எந்தப் படமோ, எந்த நாடகமோ, அன்றைக்குப் பேச்சு அதைப் பற்றி மட்டும். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும்தான். அதற்குமேல் பேசினால் அழித்துவிடுவார். இரண்டாவது சட்டம், சொந்தம் கொண்டாடக் கூடாது. ஒருமுறை ஒரு வேலூர்க்காரர், பழைய படத்தில் குதிரைவண்டி ஓட்டினவர் எங்கள் சித்தப்பா என்று எழுதினார். மறுநாள் ஆம்பூரிலிருந்து இன்னொருத்தர், அந்த வண்டிக்காரர் என் அப்பா, இவர் யார் சித்தப்பா என்று கிளம்பினார். பேச்சு முற்றி ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து மாமா, சித்தப்பா, அத்தை என்று எவர் ஆரம்பித்தாலும் தியாகு சார் கையில் கத்தரிக்கோல்தான். 'இங்கு நாம் ரசிகர்கள் மட்டுமே.' அதனால் மங்கையர்க்கரசியும் வெறும் ரசிகையாக உட்கார்ந்திருக்கிறாள். ரசிகையாம் ரசிகை. அந்த நாடகத்தில் அவளுக்குக் கதைகூடச் சரியாக ஞாபகமில்லை. ஆனாலும் அவள் கண் எரிய இத்தனை நாள் கண்ட கண்ட படத்துக்கெல்லாம் அருமை, அற்புதம் என்று எழுதிக் காத்திருந்தது இந்தச் சீட்டுக்குத்தான். நேற்று விழவில்லை, நாளை விழாது. இன்றைக்கு விழுந்திருக்கிறது. இன்றைக்கென்று லாரிக்கும் முறை. அதிர்ஷ்டம் வந்தால் அதோடு நாலு வேலையும் சேர்ந்து வருகிறது, என்ன செய்ய?

முகம் இருக்கிறது. முகத்துக்குக் குறைச்சல் இல்லை. ஹாலில் கல்யாண போட்டோ, பீரோவில் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டுக்கு எடுத்தது, மகாபலிபுரத்தில் யாரோ எடுத்த கறுப்பு வெள்ளை. திலகா அக்கா எல்லாவற்றிலும் இருக்கிறாள், எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். குரல் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை, அதுதான் எரிச்சல். திருடு போனால்கூட எந்த ராத்திரி என்று தெரியும். போன தையில் ஏதோ பேச்சுவாக்கில் அக்கா இப்படிச் சொல்லுவாள் என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்த வாக்கியம் தன் குரலிலேயே உள்ளே ஓடியது. சரி, இன்னொன்று நினைத்துப் பார்க்கலாம் என்று பார்த்தாள். 'மங்கை, என் தாவணியை எடுத்தியா?' வார்த்தை வருகிறது, குரல் வரவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு கண்ணை மூடி மூடிப் பார்த்தாள். ரேடியோவில் விவசாயச் செய்தி வாசிக்கிற அம்மாள் குரலில் அக்கா பேசுகிறாள்! குழம்பு அடிப்பிடித்தது. வீட்டுக்காரர் வந்து என்ன வாடை என்றார். எங்க அக்கா குரல் மறந்துபோச்சுங்க என்றாள். பாவம், கெட்டவரில்லை. "வயசாச்சில்ல" என்றுவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். வயசு யாருக்கு ஆச்சு? அக்காவுக்கு ஆகவில்லையே. நெய்வேலிக்குப் புருஷனோடு போன அந்த வருஷமே மஞ்சள் காமாலையில் போய்விட்டாளே. இன்றைக்கு மங்கையர்க்கரசி அக்காவைவிட இரண்டு பங்கு மூத்தவள், இன்னமும் அக்கா, அக்கா என்கிறாள். அன்றைக்கு நெய்வேலி பஸ் ஏற அக்கா கிளம்பினபோது இவள் டைப்ரைட்டிங் கிளாசில் இருந்தாள். வந்து பார்த்தால் கொடியில் ஈரத் துண்டு மட்டும் தொங்கியது. சொல்லிக்கொண்டு போகக் காத்திருந்தாளாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

"அக்கா, தூங்கிட்டியா?" மங்கையர்க்கரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடி வீட்டு ரெஜினா, இடுப்பில் காலிக் குடத்தோடு நிற்கிறாள். "லாரி முனைல நிக்குதாம். இந்தத் தடவ நெசமாவே நிக்குதாம்." இவளுக்கும் அக்காதான். பால்காரனுக்கு அக்கா, கேஸ் போடுகிறவனுக்கு அக்கா. ஊருக்கெல்லாம் அக்காவாகிவிட்டாள், தனக்கு அக்கா என்று கூப்பிட ஆளில்லை. "வரட்டும், வரட்டும், பாக்கலாம்" என்றாள். ரெஜினா போனை எட்டிப் பார்த்தாள். "இன்னும் அந்தக் கெழடுங்க குரூப்புதானா?" என்று சிரித்தாள். "ஆமாடி, நீயும் ஒருநாள் இதுல சேரத்தான் போற" என்று சொல்லி வாய் மூடவில்லை, போன் கிர்ரென்றது. ஹேமலதா மேடம். 'அந்த நாடகத்தில் துண்டு வேடக்காரர்களுக்கெல்லாம் டப்பிங்தான். வேறு ஒருவரே எல்லாருக்கும் குரல் கொடுத்தார்.' வேறு ஒருத்தி குரலா? அப்படியானால் இந்தத் தேடலே வீணா? கிடைத்தாலும் அக்கா வாயில் எவளோ பேசுவாளா? இல்லை, இருக்காது. அக்கா வேலை பார்த்த ஆபீஸ் நாடகக்குழுவைத்தானே டிவியில் கூப்பிட்டார்கள்? ஸ்டுடியோவில் மைக் தலைக்குமேல் ஆடிக்கொண்டிருந்தது, நிமிர்ந்து பார்த்துவிடப் போகிறேனோ என்று உதறல் எடுத்தது என்று வந்து சொன்னாளே. மைக் எதற்கு, அவள் பேசத்தானே? இல்லை, மைக் சும்மா பேருக்கு இருந்து, பிற்பாடு... சே. இந்த ஹேமலதா ஒரு நாள் ஒன்றைச் சொல்வாள், மறுநாள் மாற்றிச் சொல்வாள். போன மாசம் கதாநாயகனை மலையாளி என்றாள், அப்புறம் தஞ்சாவூர் என்றாள். இவள் பேச்சு கிடக்கட்டும்.

அந்த வசனம் அவளுக்கு மனப்பாடம். 'மாமி, ஒரு டம்ளர் காப்பிப்பொடி இருக்குமா? மழைல கடைக்குப் போக முடியல. அம்மா நாளைக்கே திருப்பித் தந்துடறேன்னா.' அக்கா ஒரு மாசம் வீட்டில் இதையே சொன்னாள். அடுப்படியில் ஊதுகுழலோடு சொன்னாள், ஜடை பின்னிக்கொண்டு சொன்னாள், கெஞ்சுகிற மாதிரி, கொஞ்சுகிற மாதிரி, கடன்காரி மாதிரி. அப்பா தேவாரத்தை நிறுத்திவிட்டு, "அடியே, அந்தக் காப்பிப்பொடியை யாராவது அவளுக்குக் கொடுத்துத் தொலைங்களேன்" என்றார். அவ்வளவும் ஞாபகம் இருக்கிறது, பார்த்துக்கொள். அப்பா குரல்கூட அப்படியே கணீரென்று இருக்கிறது. நாடகம் வந்த அன்று அயனாவரம் தெருவே மிலிட்டரிக்காரர் வீட்டில் கூடிவிட்டது, அந்தத் தெருவில் அங்கேதான் டிவி. ஜன்னல் கம்பியில்கூட ஆள். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மங்கையர்க்கரசி முன்வரிசையில், மூக்கு டிவியில் இடிக்கிற தூரத்தில். கதவு தட்டும் சத்தம். சந்திரமதி போய்த் திறக்கிறாள். திறந்தால் அக்கா! கையில் டம்ளரோடு எங்கள் திலகா அக்கா! அவ்வளவுதான். "திலகா! திலகா! ஏ, நம்ம திலகாடா!" என்று போட்டார்கள் பார் ஒரு கூப்பாடு. மிலிட்டரிக்காரர் விசில் அடித்தார். குழந்தைகள் வீறிட்டன. அம்மா அழுதாள். அக்காவின் வாய் அசைந்தது, டம்ளர் உள்ளே போய்த் திரும்பி வந்தது, கதவு சாத்தியாயிற்று. ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து யார் காதிலும் விழவில்லை. "என்னடி சொன்னே, கேக்கவே இல்லையே" என்று எல்லோரும் அவளையே கேட்டார்கள். சத்தம் போட்டதில் இவள் குரலும் இருந்தது. இருந்தால் என்ன, பதினைந்து வயசுப் பெண் கத்தாமல் வேறு என்ன செய்யும்? மறு ஒளிபரப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மறு ஒளிபரப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

போன் மறுபடி. இந்தத் தடவை திருப்பூர் சென்னியப்பன். எப்போதாவது வருகிற ஆள், வந்தால் ஏதாவது சரக்கோடு வருவார். 'ஏனுங்க, காப்பிப்பொடி புள்ள கேட்டீங்களே, அந்த மழ வாரம் எங்கிட்ட இருக்குதுங்க.' மங்கையர்க்கரசி எழுந்து நின்றுவிட்டாள். குரூப் பொங்கிற்று. அனுப்புங்கள் சார், சந்திரமதி அம்மாவைப் பார்க்கக் கண் கோடி வேண்டும், சுங்குடி, சுங்குடி. சென்னியப்பன் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகிறார், எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடி எழுதுகிறார். ஐயா புண்ணியவானே, சீக்கிரம். 'வீடியோ இல்லீங்க. அப்ப மாம்பலத்துல எங்கக்கா ஊட்ல தங்கி வேலைக்குப் போயிட்டிருந்தனுங்க. டிவிக்கு முன்னால டேப் ரெக்கார்டர வெச்சுச் சத்தத்த மட்டும் புடிப்பனுங்க. கேசட்டு ரொம்பத் தேஞ்சு போச்சு. ஸ்டுடியோல அவங்க பேசுனத அப்படியேதான் டிவில போட்டாங்க, அந்த நாடகத்துல டப்பிங்கெல்லாம் கெடையாதுங்க.' குரூப் சப்பென்று ஆகிவிட்டது. 'ஓ, சத்தம் மட்டும்தானா?' என்றாள் ஹேமலதா மேடம். அழுகிற பொம்மை போட்டாள். புடவை தெரியாதே! 'வெறும் ஆடியோவை வைத்து என்ன செய்ய?' என்றது அந்தப் பெயரில்லாத நம்பர். 'பரவாயில்லை சென்னியப்பன், சிரமம் வேண்டாம்' என்று எழுதினார் தியாகு சார். சிரமம் வேண்டாமா? யாருக்கு வேண்டாம்? இவர் யார் வேண்டாம் என்று சொல்ல? மங்கையர்க்கரசியின் கட்டை விரல் தன்பாட்டுக்கு ஓடியது. 'எனக்கு வேணும். அது எங்க அக்கா. அவ குரல் எனக்கு மறந்துபோச்சு. தயவுசெஞ்சு அனுப்புங்க.' அனுப்பியே விட்டாள். அப்புறம் அவள் எழுதினது அவள் கண் முன்னாலேயே காணாமல் போயிற்று. அட்மின் நீக்கிவிட்டார். 'சகோதரிக்கு அன்பான எச்சரிக்கை' என்று தியாகு சார் ஆரம்பித்திருந்தார். அன்பாம். எச்சரிக்கையாம். மீசையைப் பற்றி மத்தியானம் வரைக்கும் பேசலாம், அக்காவைப் பற்றி ஒரு வரி கூடாது. என்ன நியாயம் இது? திட்டுவதற்கு வாகாக ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே குரூப்புக்கு வெளியே, தனியாக ஒரு செய்தி வந்தது. சென்னியப்பன். 'படிச்சுட்டனுங்க அம்மிணி. அவரு கெடக்கறாரு. கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கறன், இருங்க, அனுப்பறன்.'

லாரி வந்தது. வராத லாரி, காலையிலிருந்து கழுத்தறுத்த லாரி, சரியாக அந்த நேரம் பார்த்து ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. ஹோஸை இழுக்கிறவன் ஒரு பக்கம் கத்த, வரிசை கலைத்தவளை ஒருத்தி வைய, அதற்கு அவள் பதில் வைய, குடங்கள் ஒன்றோடு ஒன்று மோத, தண்ணீர் அடியில் விழுகிற இரைச்சல் வேறு. போனில் வட்டம் சுற்றியது. சுற்று, சுற்று, நன்றாகச் சுற்று. இறங்கிவிட்டது. அமுக்கினாள், காதில் வைத்தாள். உஸ் என்று ஓர் இரைச்சல், அது கேசட்டா, ஹோஸா? "அக்கா, கொடத்த நகத்து!" காலால் குடத்தைத் தள்ளினாள். நிறுத்தினாள், மறுபடி முதலிலிருந்து. ஒன்றும் கேட்கவில்லை. ஐயோ, தொலைந்துபோங்கள் எல்லாரும், ஒரு நிமிஷம் வாயை மூடக் கூடாதா? அழுகை வந்துவிட்டது, கோபத்தில் வந்த அழுகை. "ரெஜினா, என் கொடத்தையும் பாத்துக்க" என்று வரிசையை விட்டு வெளியே வந்தாள். எதிர்ச் சாரியில் ஓர் ஆட்டோ, டிரைவர் இல்லாமல், மழைப் படுதாவை இன்னும் கழற்றாமல் நின்றது. யாருடையதோ என்னமோ, ஏறி உட்கார்ந்துகொண்டாள். படுதாவை இறக்கிவிட்டாள். ஒரு காதைக் கையால் அழுத்திப் பொத்தினாள், மறு காதில் போனைப் பதித்தாள்.

மழைச் சத்தம், ஸ்டுடியோ மழை, தகரத்தில் அரிசி கொட்டுகிற மாதிரி. சந்திரமதி யாரிடமோ ஏதோ சொல்கிறாள். அப்புறம் கதவு தட்டும் சத்தம். மங்கையர்க்கரசி மூச்சை நிறுத்தினாள். தாழ்ப்பாள் சத்தம். "மா..." என்று ஒரு குரல் எடுத்தது, எடுத்ததுதான் தாமதம், "சென்னீ! டேய் சென்னீ! சோறு ஆறுதுடா, அந்தப் பொட்டியக் கட்டிட்டு அழுதது போதும், எந்திரிச்சு வா!" என்று டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்திலேயே நின்று யாரோ ஒரு பெண்பிள்ளை முழங்கினாள். "உஸ்ஸு, ஓடுதுக்கா, ஓடுது, கத்தாத!" என்று ஒரு வாலிபன் அதைவிடக் கத்தினான். "ஓடட்டும், ரசம் வெச்சிருக்கறன்." முடிந்தது. காப்பிப்பொடி போயிற்று, மழை போயிற்று, அம்மா நாளைக்கே தந்துடறேன் என்றது போயிற்று. அன்றைக்கு அயனாவரம் முழுங்கியதை இங்கே மாம்பலம் முழுங்கிவிட்டது. போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. கீழே சென்னியப்பனின் செய்தி. 'மன்னிக்கோணுங்க அம்மிணி. அது எங்கக்கா. இப்ப கோயமுத்தூர்ல பேரன் பேத்தியோட நல்லா இருக்குது. இன்னைக்கும் இதே தொண்டைதானுங்க.' நல்லா இருக்கட்டும். மகராசியாக இருக்கட்டும். ஆனால் ரசத்தை அஞ்சு நிமிஷம் கழித்து ஊற்றியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? பற்களைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஒலி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. கரண்டி தட்டில் படும் சத்தம். சென்னி ஏதோ முணுமுணுத்தான். அவன் அக்கா உள்ளே போய்விட்டாள் போலிருக்கிறது. மழை மறுபடி கேட்டது. சந்திரமதி, "போதுமா, இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள். அப்புறம், கொஞ்சம் தள்ளி, மைக்கை நிமிர்ந்து பார்க்கப் பயந்த ஒரு பெண், "போதும் மாமி. போயிட்டு வரேன்" என்றாள்.

அது அக்கா. கீழ்ஸ்தாயியில், லேசாகச் சளி கட்டினது போல, 'வரேன்'னை இழுத்துவிட்டு முடிவில் சிரிப்பை அடக்குகிற குரல். இதையா மறந்தேன்? இதை எப்படி மறந்தேன்? இதே குரல்தானே தாவணியைக் கேட்டது, இதே குரல்தானே இருட்டில் பக்கத்துப் பாயிலிருந்து, தூங்கு மங்கை என்றது. வசனத்தில் அந்தப் 'போயிட்டு வரேன்' இல்லவே இல்லை. ஒரு மாசம் மனப்பாடம் பண்ணினாளே, அதில் இல்லை. வாசலை விட்டு இறங்கும்போது சொல்லாமல் போகக் கூடாதென்று தானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். மங்கையர்க்கரசி அதே இடத்தைத் தேடித் தேடி மறுபடி வைத்தாள். போதும் மாமி. போயிட்டு வரேன். மறுபடி. போயிட்டு வரேன். வெளியே யாரோ யாரையோ வைகிறார்கள், குடம் உருள்கிறது, குரூப்பில் டிங் டிங்கென்று விழுந்துகொண்டே இருக்கிறது, மீசை ஒட்டு மீசைதான் என்று தீர்ப்பாகிவிட்டதோ என்னவோ. போயிட்டு வரேன்.

"சரி, போயிட்டு வா" என்றாள் வாய்விட்டு.

படுதா விலகியது. ரெஜினா, முழங்கால் வரை நனைந்து, மேல்மூச்சு வாங்க நின்றாள். "நான் எங்க போறது, அக்கா? அடுத்தது உன் கொடந்தான், வா."